குதிரைலாட நண்டின் கண்: செல்களும் நரம்புப் பின்னலும் அறியப்பட்ட வரலாறு

குதிரைலாட நண்டு பெயரில் மட்டுமே நண்டு. சிலந்தி, தேள் ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவுடைய கடல்வாழ் கணுக்காலி இது. குதிரை லாடத்தைப் போல வளைந்த இதன் ஓட்டின் இரு பக்கங்களிலும் அவரை விதை வடிவில் இரண்டு கூட்டுக்கண்கள் உள்ளன. பார்வை எவ்வாறு நிகழ்கிறது என்ற கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டில் கிடைத்த அடிப்படையான விடைகள் சில இந்தக் கண்ணிலிருந்து வந்தவை. கண்ணில் உள்ள செல்கள் ஒன்றன் செயலை மற்றொன்று எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது என்பது அளந்து பார்க்கப்பட்டு, சமன்பாடாக எழுதப்பட்டது இக்கண்ணில்தான். இந்த ஆய்வுகளுக்காக ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் 1967ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இக்கண்ணின் செல் அமைப்பும் நரம்பு இணைப்பும் ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. அவற்றை அறிய ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அந்த நூறு ஆண்டுகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. ஆய்வை எளிதாக்க எதை ஒதுக்கி வைத்தார்களோ, அடுத்த கண்டுபிடிப்பு பெரும்பாலும் அங்கேயே காத்திருந்தது.

விலங்கும் அதன் கண்களும்

குதிரைலாட நண்டுகளில் இன்று 4 இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் 3 ஆசியக் கடல்களில் உள்ளவை. இந்தியாவில் ஒடிசா, மேற்கு வங்கக் கடற்கரைகளில் காணப்படுபவை இவற்றைச் சேர்ந்தவையே. நான்காவது இனமான லிமுலஸ் பாலிஃபீமஸ், வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழ்கிறது. கண் ஆய்வின் வரலாறு பெரும்பாலும் இந்த இனத்தின் வரலாறே. குதிரைலாட நண்டுகளின் மிகப் பழைய புதைபடிவங்கள் சுமார் 44.5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

1758இல் இவ்விலங்குக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் இதை 'மோனோகுலஸ் பாலிஃபீமஸ்' என்று அழைத்தார். மோனோகுலஸ் என்றால் ஒற்றைக் கண். பாலிஃபீமஸ் என்பது கிரேக்கக் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கனின் பெயர். உண்மையில் இவ்விலங்குக்குப் பல கண்கள் உண்டு. பக்கவாட்டில் 2 கூட்டுக்கண்கள், ஓட்டின் முன்பகுதி நடுவில் 2 எளிய கண்கள், ஓட்டுக்கு அடியில் வளர்ச்சி குன்றிய சில ஒளியுணர் உறுப்புகள், வாய்க்கு அருகே அடிப்புறத்தில் 2 கண்கள் ஆகியவை உள்ளன. வால் முள்ளிலும் ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. நடுக்கண்கள் புற ஊதா ஒளியை நன்கு உணர்வதை ஜார்ஜ் வால்டும் அவருடைய உடன் ஆய்வாளரும் 1963இல் காட்டினர்.

இக்கட்டுரை பக்கவாட்டுக் கூட்டுக்கண்ணைப் பற்றியது.

சிறுகண்ணின் அமைப்பு

ஈ, தும்பி ஆகியவற்றின் கூட்டுக்கண்களைப் போலவே இக்கண்ணும் பல சிறுகண்களால் ஆனது. வளர்ந்த விலங்கின் ஒரு கண்ணில் ஏறத்தாழ 1000 சிறுகண்கள் உள்ளன. ஈயின் சிறுகண்ணைக் காண நுண்ணோக்கி வேண்டும். குதிரைலாட நண்டின் சிறுகண்களோ வெறும் கண்ணுக்கே புள்ளிகளாகத் தெரியும் அளவுக்குப் பெரியவை. இந்தப் பெரிய அளவுதான் பிற்கால ஆய்வாளர்களை இவ்விலங்கின் பக்கம் ஈர்த்தது.

ஒவ்வொரு சிறுகண்ணின் மேற்பகுதியிலும் ஓட்டுப் பொருளாலேயே ஆன, உள்நோக்கிக் குறுகும் கூம்பு ஒன்று உள்ளது. அது லென்சாகச் செயல்பட்டு ஒளியைக் குவிக்கிறது. கூம்பின் அடியில் ஒளியை உணரும் ரெட்டினுலா செல்கள் வட்டமாக அமைந்துள்ளன. ஆரஞ்சுப் பழத்தைக் குறுக்கே வெட்டினால் சுளைகள் எப்படித் தெரியுமோ, அப்படியே இச்செல்கள் நுண்ணோக்கியில் தெரிகின்றன. ஒரு சிறுகண்ணில் பெரும்பாலும் 8 முதல் 12 வரை இத்தகைய செல்கள் இருக்கும். செல்கள் ஒன்றையொன்று தொடும் பக்கங்களில் எண்ணற்ற நுண்விரலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒளியை உறிஞ்சும் நிறமி இவற்றின் சவ்வில்தான் இருக்கிறது. நுண்விரலிகளால் ஆன இந்தத் தொகுதிக்கு ராப்டம் என்று பெயர்.

சுளைகளின் நடுவே மற்றொரு செல்லின் மெல்லிய கிளை நுழைந்து மேலே செல்கிறது. அந்தச் செல்லின் உடல் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். அதனால் அதற்கு 'மையம் விலகிய செல்' என்று பொருள்படும் எக்சென்ட்ரிக் செல் என்ற பெயர் அமைந்தது. பொதுவாக ஒரு சிறுகண்ணுக்கு ஓர் எக்சென்ட்ரிக் செல் இருக்கும். சிலவற்றில் இரண்டு இருப்பதும் உண்டு. இவை அனைத்தையும் சுற்றி நிறமிச் செல்கள் உறைபோல அமைந்து, ஒரு சிறுகண்ணில் விழும் ஒளி அடுத்ததற்குள் கசியாமல் தடுக்கின்றன.

ரெட்டினுலா செல்களிலிருந்தும் எக்சென்ட்ரிக் செல்லிலிருந்தும் புறப்படும் இழைகள் கண்ணுக்குப் பின்னால் ஒன்றுசேர்ந்து பார்வை நரம்பாகி மூளைக்குச் செல்கின்றன. அவ்வாறு சேரும் முன், சிறுகண்களுக்குச் சற்றுக் கீழே, எக்சென்ட்ரிக் செல்களின் இழைகள் பக்கவாட்டில் கிளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இந்த மெல்லிய நரம்புப் பின்னலே பிற்காலத்தில் இக்கண்ணின் புகழுக்குக் காரணமாயிற்று.

நுண்ணோக்கியில் கண்டவர்கள்

இந்த அமைப்பின் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டின் உடற்கூற்றியலாளர்கள் பார்த்துவிட்டார்கள். ஜெர்மானிய விலங்கியலாளர் கிரனாகர் கணுக்காலிகளின் கண்களைப் பற்றி 1879இல் வெளியிட்ட பெரிய நூலில் லிமுலஸும் இடம்பெற்றது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரே லங்காஸ்டர் 1881இல் லிமுலஸ் நண்டினம் அல்ல, சிலந்தித் தேள் வகையைச் சேர்ந்தது என்று வாதிட்டார். 1883இல் அவரும் போர்னும் தேளின் கண்களையும் லிமுலஸின் கண்களையும் ஒப்பிட்டு எழுதினர். அவர்களுக்குக் கண் என்பது உறவுமுறையை நிறுவும் சான்று. அது எப்படி வேலை செய்கிறது என்பது இரண்டாவது கேள்விதான்.

அந்த இரண்டாவது கேள்வியை எடுத்தவர் வியன்னாவைச் சேர்ந்த சிக்மண்ட் எக்ஸ்னர். 1891இல் வெளியான தம் நூலில் அவர் ஒரு புதிருக்கு விடை தந்தார். லிமுலஸ் கடலில் வாழ்வது. நீருக்குள் வளைந்த லென்சின் வெளிப்பரப்பு ஒளியை அதிகம் வளைக்காது. போதாக்குறைக்கு இக்கண்ணின் வெளிப்பரப்போ வழவழப்பாக, ஏறத்தாழத் தட்டையாகவே இருக்கிறது. பிறகு ஒளி எப்படிக் குவிகிறது? கூம்பின் நடு அச்சில் ஒளிவிலகல் எண் அதிகமாகவும், ஓரத்தை நோக்கிச் செல்லச் செல்லக் குறைவாகவும் இருப்பதால் ஒளி கூம்புக்குள்ளேயே படிப்படியாக வளைந்து குவிகிறது என்று எக்ஸ்னர் விளக்கினார். சுமார் 90 ஆண்டுகளுக்குப் பிறகு, 1979இல் மைக்கேல் லேண்ட் செய்த அளவீடுகள் அவர் சொன்னது சரியே என்று காட்டின.

இவ்வாறு லென்ஸ் விளங்கிவிட்டது. செல்களின் படமும் வரையப்பட்டுவிட்டது. ஆனால் ஒதுங்கி நிற்கும் அந்த ஒற்றைச் செல் எதற்கு, கீழே உள்ள பின்னல் எதற்கு என்பவை விடையில்லாமல் நின்றன. இறந்த திசுவின் சீவல்களைக் கொண்டு அவற்றுக்கு விடை காண வழியில்லை. உயிருள்ள நரம்பில் ஓடும் மின்துடிப்பைக் கேட்கும் கருவி வர வேண்டியிருந்தது.

ஒற்றை நரம்பிழையின் குரல்

1920களில் அந்தக் கருவி வந்தது. இங்கிலாந்தில் எட்கர் ஏட்ரியன், வெற்றிடக் குழாய் மின்பெருக்கிகளைக் கொண்டு நரம்புகளின் நுண்ணிய மின்துடிப்புகளைப் பதிவு செய்தார். 1927இல் அவரும் மாத்யூஸும் விலாங்கு வகை மீனின் பார்வை நரம்பிலிருந்து துடிப்புகளைப் பெற்றனர். ஆனால் அது ஆயிரக்கணக்கான இழைகள் ஒரே நேரத்தில் எழுப்பிய ஓசை. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் ஒருவர் குரலைப் பிரித்துக் கேட்க முடியாதது போல, ஓர் இழை என்ன சொல்கிறது என்பதை அதில் அறிய முடியவில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1903இல் பிறந்த ஹார்ட்லைன், ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1927இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். ஆனால் அவருடைய ஈடுபாடு இயற்பியலில் இருந்தது. ஜெர்மனிக்குச் சென்று லைப்சிக்கிலும் மியூனிக்கிலும் இயற்பியல் பயின்றார். மசாசூசெட்ஸ் மாநிலத்து வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில் கோடைக்காலங்களைக் கழித்தபோது அவருக்குக் குதிரைலாட நண்டு அறிமுகமாயிற்று. அக்கரையில் அது எளிதில் கிடைத்தது. அதன் சிறுகண்கள் பெரியவை. பார்வை நரம்பு நீளமானது. 1928இல் கணுக்காலிகளின் கண்களில் ஒளி எழுப்பும் மின்விளைவுகளைப் பற்றி அவர் வெளியிட்ட ஆய்வில் இவ்விலங்கும் இருந்தது.

பின்னர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், உளவியலாளர் கிளாரன்ஸ் கிரஹாமுடன் சேர்ந்து அவர் செய்த சோதனை 1932இல் வெளியானது. கண்ணை நரம்புத் துண்டுடன் வெட்டி எடுத்து, ஈரமான அறையில் பொருத்தினார்கள். நரம்பைக் கண்ணாடி ஊசிகளால் இழை இழையாகப் பிரித்துக்கொண்டே சென்று, கடைசியில் ஒரே ஓர் இழை மட்டும் துடிக்கும் நிலைக்கு வந்தார்கள். ஒரு சிறுகண்ணின் மீது ஒளி விழுந்ததும் அந்த இழையில் ஒரே அளவுள்ள துடிப்புகள் வரிசையாகத் தோன்றின. கண்ணின் தனியோர் ஒளியுணர் அலகிலிருந்து நரம்புத் துடிப்புகள் பதிவானது இதுவே முதல்முறை.

அந்தப் பதிவு பல செய்திகளைச் சொன்னது. ஒளி கூடினாலும் துடிப்பின் உயரம் கூடுவதில்லை. அவை வரும் வேகம் மட்டுமே கூடுகிறது. ஒளி விழுந்த கணத்தில் துடிப்புகள் வேகமாக வந்து, விரைவில் குறைந்து ஒரு நிலையான வேகத்துக்கு வருகின்றன. ஒளியின் செறிவைப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று பெருக்கினால் துடிப்பின் வேகம் படிப்படியாகவே உயர்கிறது. அதாவது செறிவின் மடக்கையைத் தொடர்கிறது. இதனால் 10 இலட்சம் மடங்கு வேறுபடும் ஒளியளவுகளைக்கூட ஒரே இழையால் சொல்ல முடிகிறது. 1935இல் கிரஹாமும் ஹார்ட்லைனும் பல நிற ஒளிகளைக் கொண்டு இதே சோதனையைச் செய்தனர். அலகு பச்சை ஒளியை மிக நன்றாக உணர்ந்தது. ஆனால் வேறு நிற ஒளியின் செறிவைத் தக்கபடி கூட்டினால் அதே துடிப்பு வரிசை கிடைத்தது. தனியோர் அலகால் நிறத்தையும் வெளிச்சத்தையும் பிரித்துச் சொல்ல இயலாது என்பது இதனால் தெளிவாயிற்று.

எக்சென்ட்ரிக் செல்லின் வேலை

ஒரு சிறுகண்ணிலிருந்து பத்துக்கு மேற்பட்ட இழைகள் புறப்படுகின்றன. துடிப்பதோ ஒன்றே ஒன்று. அது எந்தச் செல்லின் இழை?

1950களில் நுண்ணிய கண்ணாடிக் குழாய் மின்முனைகள் வந்தபின் இதற்கு விடை கிடைத்தது. ஹார்ட்லைன், ஹென்றி வாக்னர், எட்வர்ட் மாக்நிக்கோல் ஆகியோர் 1952இல் சிறுகண்ணுக்குள்ளேயே மின்முனையைச் செலுத்திப் பதிவு செய்தனர். 1954இல் வாட்டர்மேனும் வியர்ஸ்மாவும், துடிப்பது எக்சென்ட்ரிக் செல்லின் இழைதான் என்பதற்குச் சான்று தந்தனர். 1957இல் வில்லியம் மில்லர் மின்னணு நுண்ணோக்கியால் சிறுகண்ணின் நுண்ணமைப்பைப் படமெடுத்தார். ராப்டத்தின் நுண்விரலிகள் அப்போது தெளிவாகத் தெரிந்தன.

இந்த ஆய்வுகளிலிருந்து வேலைப் பங்கீடு ஒன்று வெளிப்பட்டது. ஒளியைப் பிடிப்பவை ரெட்டினுலா செல்கள். ஒளி பட்டதும் அவற்றில் மெதுவான மின்மாற்றம் எழுகிறது. வழக்கமான நரம்புத் துடிப்புகள் எழுவதில்லை. அந்த மாற்றம், தொட்டுக்கொண்டிருக்கும் செல் சவ்வுகள் வழியே நடுவில் உள்ள எக்சென்ட்ரிக் செல்லின் கிளைக்கு மின்னோட்டமாகப் பாய்கிறது. எக்சென்ட்ரிக் செல் பல சுளைகளிலிருந்து வருவதைக் கூட்டி, துடிப்புகளாக மாற்றி, மூளைக்கு அனுப்புகிறது. ஒதுங்கி நிற்பதாக உடற்கூற்றியலாளர்கள் வரைந்த அந்தச் செல்தான் சிறுகண்ணின் சார்பில் மூளையிடம் பேசுகிறது.

ஒளிச் சேர்க்கையின் அடிமட்டமும் இதே காலத்தில் தெரிந்தது. மிக மங்கலான ஒளியில் செல்லுக்குள் சிறுசிறு மின்மேடுகள் தனித்தனியாகத் தோன்றுவதை ஸ்டீபன் யாண்டில் 1950களின் இறுதியில் கண்டார். ஒரே ஒரு ஒளித்துகள் உறிஞ்சப்பட்டாலும் அத்தகைய மேடு எழ முடியும் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் ஆதரித்தன. ரூத் ஹப்பார்டும் ஜார்ஜ் வால்டும் 1960இல் இக்கண்ணின் நிறமியைப் பிரித்தெடுத்தனர். அது 520 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது பச்சை ஒளியில், மிகுதியாக உறிஞ்சியது. தனி அலகின் உணர்திறனைப் பற்றி 1935இல் நரம்பிழை சொன்னதும் இதுவே.

அறை விளக்கு காட்டிய உண்மை

ஹார்ட்லைன் இவ்விலங்கைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் அதன் எளிமை. முதுகெலும்பிகளின் விழித்திரையில் ஒளிவாங்கிக்கும் பார்வை நரம்புக்கும் இடையே பல நரம்புச் செல் அடுக்குகள் உள்ளன. இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரு சிறுகண், அதற்கென்று ஓர் இழை, நேராக மூளைக்கு ஒரு வழி. பக்கத்துச் சிறுகண்ணுக்கு இதில் பங்கில்லை என்றே முதலில் எண்ணப்பட்டது.

ஆனால் ஆய்வகத்தில் ஒரு சிறு தொல்லை இருந்தது. ஒரு சிறுகண்ணின் துடிப்புகளைப் பதிவு செய்துகொண்டிருக்கும்போது அறையின் பிற விளக்குகளின் ஒளி கண்ணின் மீது பட்டால் துடிப்புகள் பல நேரங்களில் குறைந்தன. கூடுதல் ஒளி பட்டால் கூடுதல் துடிப்பு வர வேண்டும் அல்லவா? இதைக் கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிட்டு, அறையை இருட்டாக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம். ஹார்ட்லைன் அதை மறக்கவில்லை. அந்தத் தொல்லையையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு 1949இல் முதல் குறிப்பை வெளியிட்டார். வாக்னர், ஃபிளாய்ட் ராட்லிஃப் ஆகியோருடன் சேர்ந்து 1956இல் விரிவான கட்டுரையை வெளியிட்டார்.

முடிவு இதுதான்: ஒரு சிறுகண் ஒளியால் தூண்டப்படும்போது அது தன் அண்டைச் சிறுகண்களின் துடிப்பைக் குறைக்கிறது. இதற்குப் பக்கவாட்டுத் தடுப்பு என்று பெயர். அண்டையில் ஒளியின் செறிவு கூடினால் தடுப்பும் கூடும். ஒளிபடும் சிறுகண்களின் எண்ணிக்கை கூடினாலும் தடுப்பு கூடும். நரம்புப் பின்னலோடு உள்ள தொடர்பை வெட்டி ஒரு சிறுகண்ணின் இழையைத் தனியாக்கினால் தடுப்பு மறைந்துவிடுகிறது. ஆகவே தடுப்புச் செய்தி அந்தப் பின்னல் வழியாகவே செல்கிறது. நெடுங்காலமாக வேலை தெரியாமல் கிடந்த பின்னலுக்கு இவ்வாறு வேலை தெரிந்தது. அதில் உள்ள தடுப்பு இணைப்புகளின் விரிவான உடற்கூற்றுப் படத்தை வோல்ஃப் ஃபாரன்பாக் 1985இல் வெளியிட்டார்.

இரண்டு சமன்பாடுகள்

1957இல் ஹார்ட்லைனும் ராட்லிஃபும் இரண்டு சிறுகண்களிலிருந்து ஒரே நேரத்தில் பதிவு செய்தனர். தடுப்பு இருவழிப்பட்டது என்று தெரிந்தது. முதல் சிறுகண் இரண்டாவதைத் தடுக்கிறது. இரண்டாவது முதலாவதைத் தடுக்கிறது. ஒவ்வொன்றும் மற்றதன் மீது செலுத்தும் தடுப்பு, அதன் மீது விழும் ஒளியைப் பொறுத்ததாக இல்லை. தடுப்புக்கு உட்பட்ட பிறகு அது உண்மையில் எவ்வளவு துடிக்கிறது என்பதையே பொறுத்தது. இதை இரண்டு எளிய சமன்பாடுகளாக அவர்கள் எழுதினர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளங்கிக்கொள்ளலாம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காகக் கற்பனை செய்யப்பட்டவை. அ, ஆ என்ற இரு சிறுகண்களும் தனித்தனியே ஒளி பெறும்போது வினாடிக்கு 30 முறை துடிக்கின்றன என்று கொள்வோம். அண்டையின் துடிப்பு வினாடிக்கு 8ஐத் தாண்டினால்தான் தடுப்பு தொடங்கும். தாண்டிய ஒவ்வொரு துடிப்புக்கும் 0.1 குறையும். இரண்டுக்கும் ஒன்றாக ஒளி தந்தால் என்ன ஆகும்? அண்டை 30 முறை துடிக்கிறது என்று கொண்டால் குறைவது 2.2. ஆனால் அண்டையும் குறைந்திருக்கும். ஆகவே அது செலுத்தும் தடுப்பும் குறையும். இரு சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்த்தால் விடை 28 என்று வரும். அண்டை 28 முறை துடித்தால் அது 8ஐ 20 தாண்டுகிறது. 20இன் பத்தில் ஒரு பங்கு 2. 30இலிருந்து 2 போனால் 28. இரு பக்கமும் பொருந்துகிறது.

இச்சமன்பாடுகளிலிருந்து வியப்பான முடிவு ஒன்று கிடைத்தது. அ, ஆ இரண்டும் அருகருகே உள்ளன. இ என்பது ஆவுக்கு அருகிலும் அவுக்குத் தொலைவிலும் உள்ளது. இயின் மீது ஒளி பட்டால் அது ஆவைத் தடுக்கும். ஆவின் துடிப்பு குறைவதால் அதன் பிடியிலிருந்து அ சற்று விடுபடும். அதன் துடிப்பு கூடும். தடுப்பைத் தடுப்பதால் விளையும் இந்த விடுதலை சோதனையில் அப்படியே காணப்பட்டது. 1000 சிறுகண்கள் இவ்வாறு ஒன்றையொன்று பிடித்தும் விட்டும் நிற்கும்போது, எந்த ஒன்றின் துடிப்பையும் தனியாக வைத்துப் பொருள்கொள்ள முடியாது.

விளிம்பும் மாக் பட்டைகளும்

இத்தகைய தடுப்பால் விலங்குக்கு என்ன பயன்? ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருள், நடுவில் ஒரு விளிம்பு என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சத்தின் நடுவே உள்ள சிறுகண்ணுக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் தடுப்பு வருகிறது. விளிம்பை ஒட்டி வெளிச்சத்தில் உள்ள சிறுகண்ணுக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே பெருந்தடுப்பு வருகிறது. ஆகவே அது கூடுதலாகத் துடிக்கும். விளிம்பை ஒட்டி இருளில் உள்ள சிறுகண்ணோ வெளிச்சப் பக்கத்தின் தடுப்பை வாங்கி, மற்ற இருள் பகுதிகளைவிடக் குறைவாகத் துடிக்கும். விளிம்பின் இரு பக்கமும் வேறுபாடு மிகைப்படுகிறது. இதை ராட்லிஃபும் ஹார்ட்லைனும் 1959இல் ஒரு சிறுகண்ணின் துடிப்புகளிலேயே அளந்து காட்டினர்.

மனிதக் கண்ணுக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. வெளிச்சம் படிப்படியாக இருளாக மாறும் இடத்தில், அங்கே இல்லாத ஒரு வெண்பட்டையும் கரும்பட்டையும் நமக்குத் தெரியும். ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865இல் இதை விவரித்து, விழித்திரையின் பகுதிகள் ஒன்றையொன்று தடுப்பதே காரணமாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து ஒரு கடல் விலங்கின் கண்ணில் அந்த ஊகத்துக்கு நிகரான செயல்முறை எண்களோடு கிடைத்தது. ராட்லிஃப் 1965இல் இதைப் பற்றி எழுதிய நூலுக்கு 'மாக் பட்டைகள்' என்றே பெயரிட்டார்.

மனித விழித்திரையின் இணைப்புகள் வேறு. இவ்விலங்கின் இணைப்புகள் வேறு. ஆனால் அண்டைப் பகுதிகளை ஒப்பிட்டு வேறுபாட்டை எடுத்துரைப்பது என்ற கொள்கை பொதுவானது. 1953இல் ஸ்டீபன் கஃப்லர் பூனையின் விழித்திரையிலும், ஹொரேஸ் பார்லோ தவளையின் விழித்திரையிலும் சுற்றுப்புற ஒளியால் எழும் தடுப்பைக் கண்டிருந்தனர். கண் என்பது புகைப்படக் கருவி போல விழுந்ததை அப்படியே அனுப்பும் உறுப்பு அல்ல. எதை அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் வேலை கண்ணிலேயே தொடங்குகிறது என்ற கருத்து இவ்வாறு நிலைபெற்றது. 1967இல் ஹார்ட்லைன், ராக்னர் கிரானிட், ஜார்ஜ் வால்ட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வெட்டப்பட்ட நரம்பில் மறைந்திருந்தது

1932 முதல் ஏறத்தாழ எல்லாச் சோதனைகளிலும் ஒரு பொதுவான முதற்படி இருந்தது: பார்வை நரம்பை வெட்டுவது. வெட்டினால்தான் இழைகளைப் பிரிக்க முடியும். கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது என்று மட்டும் எண்ணியவர்களுக்கு வெட்டியதால் இழப்பு எதுவும் தோன்றவில்லை. மூளையிலிருந்து கண்ணுக்கு ஏதேனும் வந்தால்? அதையும் அந்தக் கத்தி சேர்த்தே வெட்டியிருக்கும்.

சுரப்புத் துகள்கள் நிறைந்த இழைகள் மூளையிலிருந்து கண்ணுக்குள் வருவதை ஃபாரன்பாக் 1970களின் தொடக்கத்தில் நுண்ணோக்கியில் விவரித்திருந்தார். அவற்றின் வேலை தெரியவில்லை. 1977இல் ராபர்ட் பார்லோவும் அவருடைய குழுவினரும் அதைக் கண்டறிந்தனர். மேலே கூறிய ஹொரேஸ் பார்லோ வேறு, இவர் வேறு. ஹார்ட்லைன் பணியாற்றிய ராக்ஃபெல்லரில் பயின்றவர் இவர். நரம்பை வெட்டாமல், உயிருள்ள விலங்கைத் தொடர்ந்து இருட்டிலேயே வைத்துக் கண்ணின் மின்விளைவை அவர்கள் பல நாள்கள் பதிவு செய்தனர். வெளியே இரவானால் உள்ளே கண்ணின் உணர்திறன் உயர்ந்தது, பகலானால் தாழ்ந்தது. சூரியனைக் காணாமலேயே இது நாள்தோறும் நடந்தது. நரம்பை வெட்டியதும் இந்த ஏற்றத்தாழ்வு நின்று, கண் பகல் நிலையிலேயே தங்கிவிட்டது. கண்ணின் பக்கம் உள்ள நரம்புத் துண்டுக்கு மின்தூண்டல் கொடுத்தபோது பகலிலேயே கண் இரவு நிலைக்கு மாறியது.

மூளையில் உள்ள ஓர் உயிர்க்கடிகாரம் இரவுதோறும் கண்ணுக்குச் செய்தி அனுப்புகிறது. ஆக்டோபமைன் என்ற வேதிப்பொருள் இச்செய்தியைக் கொண்டுசெல்வதாகப் பின்னர் அறியப்பட்டது. செய்தி வந்ததும் சிறுகண்ணின் வடிவமே மாறுகிறது. நிறமி விலகி ஒளி நுழையும் வாய் அகலமாகிறது. ராப்டம் நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. இருளில் எழும் தேவையற்ற துடிப்புகள் குறைகின்றன. பக்கவாட்டுத் தடுப்பும் தளர்கிறது. கண்ணின் கூர்மை சற்றுக் குறைந்தாலும் ஒளி சேர்க்கும் திறன் பெரிதும் உயர்கிறது. இருளுக்குப் பழகும் இயல்பும் இந்த இரவு மாற்றமும் சேர்ந்து, பகலைவிடச் சுமார் 10 இலட்சம் மடங்கு வரை உணர்திறன் உயர்வதாகக் கணக்கிட்டுள்ளனர்.

அரை நூற்றாண்டாக ஆய்வகங்கள் அளந்தது பகல் கண்ணை மட்டுமே. அந்த அளவீடுகள் தவறானவை அல்ல. முழுமையானவையும் அல்ல.

கடற்கரையில் ஒரு சோதனை

இவ்வளவு திறமையான இரவுக் கண் இவ்விலங்குக்கு ஏன் தேவை? இவ்வினம் இளவேனிலிலும் கோடைத் தொடக்கத்திலும், அமாவாசை, பௌர்ணமி நாள்களின் உயர் ஓதத்தில் கரைக்கு வந்து இனப்பெருக்கம் செய்கிறது. அது பெரும்பாலும் இரவில் நடக்கும். 1982இல் பார்லோவும் உடன் ஆய்வாளர்களும் பெண் விலங்கின் ஓட்டைப் போன்ற சிமென்ட் உருவங்களைச் செய்து, கருப்பு, சாம்பல், வெள்ளை நிறங்கள் பூசி, ஆழமற்ற நீரில் வைத்தனர். ஆண்கள் அவற்றை நோக்கி வந்தன. கருப்பு உருவங்களிடம் மிகுதியாக வந்தன. பார்வையைக் கொண்டே ஆண் தன் துணையைத் தேடுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அதுவரை ஆய்வகத்தில் இவ்வளவு ஆராயப்பட்ட கண், அந்த விலங்குக்கு எதற்குப் பயன்படுகிறது என்பதற்கு நேரடிச் சான்று இருக்கவில்லை.

1997இல் இக்குழுவினர் மேலும் ஒரு படி சென்றனர். விலங்கின் ஓட்டின் மீது சிறு கேமரா ஒன்றைப் பொருத்திக் கடலில் அது காண்பதைப் பதிவு செய்தனர். அந்தக் காட்சிகளை, சிறுகண்களின் ஒளியியல், செல்களின் மின்மாற்றம், பக்கவாட்டுத் தடுப்பு ஆகிய அனைத்தும் அடங்கிய கணினி மாதிரிக்கு ஊட்டினர். துணையின் அளவுள்ள கரிய பொருள், விலங்கு நகரும் வேகத்தில் பார்வையைக் கடந்து செல்லும்போது கண் மிகத் தெளிவான செய்தியை அனுப்புவதை மாதிரி காட்டியது. ஹார்ட்லைனும் ராட்லிஃபும் எழுதிய சமன்பாடுகளின் வழிவந்த கணக்கு, கடலடியில் ஒரு பெண் விலங்கை அடையாளம் காட்டியது.

வரலாறு தரும் பாடம்

குதிரைலாட நண்டின் கண், எளிமையானது என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த எளிமை பொய்யல்ல. அதனால்தான் ஒற்றை இழையின் மொழி முதலில் இங்கே கேட்டது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் எளிமைக்காக ஒன்று ஒதுக்கப்பட்டது. சீவல்களில் உயிர் ஒதுக்கப்பட்டது. ஒற்றை இழைப் பதிவில் அண்டைச் செல்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றை அறை விளக்கு நினைவூட்டியது. வெட்டிய நரம்பில் மூளை ஒதுக்கப்பட்டது. அதை இரவு நினைவூட்டியது. ஆய்வகத்தில் கடல் ஒதுக்கப்பட்டது. அதைச் சிமென்ட் உருவங்களை நாடி வந்த ஆண்கள் நினைவூட்டின.

எதையும் ஒதுக்காமல் அறிவியல் ஆய்வு செய்ய முடியாது. ஒதுக்கியது எது என்பதை நினைவில் வைத்திருப்பதும், எதிர்பாராமல் குறையும் ஒரு துடிப்பைத் தொல்லை என்று தள்ளாமல் நின்று பார்ப்பதும் இக்கண்ணை ஆராய்ந்தவர்கள் செய்தவை. லிமுலஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குச் சற்றே சாய்ந்த பார்வை என்று பொருள். நேரே பார்த்தவர்களுக்குத் தெரியாதவை பலவும் ஓரமாகப் பார்த்தவர்களுக்கே இந்தக் கண்ணில் தெரிந்தன.